பாம்புக்கடி: பிள்ளைகளுக்கு எதைப் பழக்குவது?

எலியைத் தேடிப் பாம்பு வயலுக்கும் வைக்கோற்போருக்கும் வருகிறது. நம் பிள்ளைகள் ஆடு மேய்ப்பதும் புல் அறுப்பதும் அங்கேதான். 2000 முதல் 2019 வரை இந்தியாவில் சுமார் 12 லட்சம் பேர் பாம்புக்கடியால் இறந்ததாக மதிப்பிடப்பட்டுள்ளது. இவர்களில் கால் பங்குக்கும் மேற்பட்டோர் 15 வயதுக்குட்பட்டவர்கள். ஆகவே, நீச்சல் பழக்குவது போல் இதையும் பழக்குவது பெற்றோர் கடமையாகும்.

பழைய பாடம்

கடிவாய்க்கு மேலே கயிற்றால் இறுக்கிக் கட்டு, பிளேடால் கீறு, வாயால் உறிஞ்சித் துப்பு என்றுதான் நமக்குக் கற்பிக்கப்பட்டது. முதலுதவிப் புத்தகங்களும் ஒரு காலத்தில் இவ்வாறே கூறின. இன்று இம்மூன்றும் கூடாது என்கின்றனர் மருத்துவர்கள். இறுகக் கட்டினால் இரத்த ஓட்டம் நின்று கை கால் அழுகக்கூடும். கட்டை அவிழ்த்ததும் விஷம் ஒரேயடியாக உடலில் பரவும்.

மந்திரத்தால் பிழைத்தவர் உண்டே என்று கேட்கலாம். சாரை, தண்ணீர்ப்பாம்பு போன்றவற்றுக்கு விஷமில்லை. விஷப்பாம்பும் சில வேளை விஷம் செலுத்தாமல் கடிப்பதுண்டு. அத்தகையோர் மந்திரமின்றியும் பிழைத்திருப்பர்.

புதிய பாடம்

1. கடிபட்டவர் ஓடக்கூடாது, நடக்கவும் கூடாது. நடந்தால் விஷம் விரைந்து பரவும்.

2. வீக்கம் வருமுன் கொலுசு, வளையல், மோதிரத்தைக் கழற்ற வேண்டும்.

3. எலும்பு முறிவுக்குச் செய்வது போல, குச்சி வைத்துத் துணியால் தளர்வாகக் கட்டி, கை காலை அசையாமல் வைக்க வேண்டும்.

4. 108-ஐ அழைக்க வேண்டும். வண்டி வரத் தாமதமானால், மோட்டார் சைக்கிளில் இரு பெரியவர்களுக்கு நடுவே பிள்ளையை உட்கார வைத்து அரசு மருத்துவமனைக்கு விரையலாம்.

5. பாம்பை அடித்துப் பிடிக்க முயன்று நேரத்தை வீணாக்கக்கூடாது. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகிய நான்கின் விஷத்துக்கும் ஒரே விஷமுறிவு மருந்துதான்.

கட்டுவிரியன் பெரும்பாலும் இரவில், தரையில் உறங்குவோரைக் கடிக்கும். வலியோ வீக்கமோ தெரியாமலும் போகலாம். விடியற்காலையில் பிள்ளை வயிற்று வலி என்று அழுது, இமைகளும் சொருகினால், சூட்டு வலி என்று இருந்துவிடாதீர்கள். கட்டிலில் படுக்க வைப்பதும், கொசுவலையின் ஓரத்தைப் பாய்க்கடியில் செருகுவதும் நல்ல பாதுகாப்பு.

பழக்கும் முறை

பயமுறுத்தி வளர்த்த பிள்ளை, அடி விழுமே என்று கடிபட்டதையே மறைக்கும். அந்த நேரம் உயிரைக் குடித்துவிடும். "எது கடித்தாலும் உடனே சொல், திட்டமாட்டோம்" என்பதே முதல் பாடமாக இருக்கட்டும். பிறகு ஒரு குச்சியும் துண்டும் கொடுத்து, தம்பியின் காலுக்குக் கட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். விளையாட்டாகச் செய்து பழகியது, வேளை வரும்போது தானே கைக்கு வரும்.

பாம்புக்கடி மரணங்களை 2030-க்குள் பாதியாகக் குறைக்க இந்திய அரசு 2024-ல் செயல் திட்டம் வகுத்துள்ளது. விஷமுறிவு மருந்து உள்ள அருகாமை மருத்துவமனை எது என்பதை விசாரித்து வைத்துக்கொண்டு, இந்த வாரமே பிள்ளைகளைப் பழக்கத் தொடங்குங்கள்.