பிள்ளையை இழந்தவருக்கு ஏன் அனுமதி இல்லை?

போர்களிலும் தாக்குதல்களிலும் இறந்தவர்களுக்கான இஸ்ரேலின் நினைவு நாள் நெருங்குகிறது. அது தொடங்கும் மாலையில் இஸ்ரேலியரும் பாலஸ்தீனரும் சேர்ந்து நடத்தும் கூட்டு அஞ்சலி பற்றி வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே சந்தேகத்தைக் கிளப்புகின்றன: சமாதானம் பேச வருகிறவர்களை உள்ளே விட நீதிமன்றம் வரை போக வேண்டியிருப்பது ஏன்?

நடத்துவது யார்?

'அமைதிக்கான போராளிகள்' என்ற அமைப்பு 2006 முதல் நடத்துகிறது. ஒரு காலத்தில் எதிரெதிராக நின்று போரிட்டவர்கள் தொடங்கிய அமைப்பு அது. உடன் நிற்பது 'பெற்றோர் வட்டம்'. இந்த மோதலில் வீட்டில் ஒருவரையாவது பறிகொடுத்த 700க்கும் மேற்பட்ட குடும்பங்கள் இதில் இருக்கின்றன. அதன் உறுப்பினரான இஸ்ரேலியர் ராமி எல்ஹனானின் மகள் ஸ்மதார் 1997இல் ஜெருசலேத்தில் பென் யெஹுதா தெருவில் நடந்த தற்கொலைத் தாக்குதலில் இறந்தாள். இன்னொரு உறுப்பினரான பாலஸ்தீனர் பாசம் அராமினின் மகள் அபீருக்கு வயது 10. 2007இல் அனாத்தாவில், பள்ளிக்கு வெளியே, இஸ்ரேலிய எல்லைக் காவல் படையின் ரப்பர் குண்டு அவள் உயிரைப் பறித்தது. இந்த இரண்டு தந்தையரும் பல ஆண்டுகளாக ஊர் ஊராகச் சேர்ந்தே போய்ப் பேசுகிறார்கள்.

அனுமதி எப்படி மறுக்கப்படுகிறது?

இஸ்ரேலின் ஆக்கிரமிப்பில் உள்ள மேற்குக் கரையின் பாலஸ்தீனர் இஸ்ரேலுக்குள் வர ராணுவத்தின் அனுமதிச் சீட்டு வேண்டும். 1972 முதல் பொது அனுமதி ஒன்று இருந்தது. 1991இல் வளைகுடாப் போரின்போது அது ரத்தானது. அன்றிலிருந்து ஆளுக்கு ஆள் விண்ணப்பம்தான். விண்ணப்பித்தவரின் பெயர் 'பாதுகாப்புத் தடை'ப் பட்டியலில் இருந்தால் கதை முடிந்தது. ஆபத்தானவர்களைத் தடுக்கும் ஏற்பாடு என்று அரசு இதற்கு விளக்கம் தருகிறது. ஆனால் பட்டியலில் ஏறுவதற்கு எதுவும் செய்திருக்க வேண்டியதில்லை. வீட்டில் ஒருவர் இஸ்ரேலியப் படையின் கையால் இறந்திருந்தாலே, மிச்சமிருப்பவர்கள் பழிவாங்கக்கூடும் என்ற கணக்கில் அவர்கள் பெயர்கள் ஏற்றப்படுவதை மனித உரிமை அமைப்புகள் நெடுங்காலமாகப் பதிவு செய்து வருகின்றன. காரணம் பெரும்பாலும் சொல்லப்படுவதில்லை.

பெற்றோர் வட்டத்தில் ஒரு பாலஸ்தீனர் சேரத் தகுதி எதுவோ, அதுவே அவர் எல்லையைத் தாண்டத் தடை. அதே இழப்பு இஸ்ரேலியத் தந்தைக்கு நாட்டின் மரியாதையைத் தருகிறது. பாலஸ்தீனத் தந்தையைச் சந்தேகப் பட்டியலில் ஏற்றுகிறது. பழி வேண்டாம் என்று பொதுமேடையில் அறிவித்த மனிதரைப் பழிவாங்கக்கூடியவர் என்று ஒரு கோப்பு முன்கூட்டியே முடிவு செய்வதை என்னால் பாதுகாப்பு நடவடிக்கை என்று ஏற்க முடியவில்லை.

இதற்கு மேல் இன்னொரு பூட்டும் உண்டு. நினைவு நாளுக்கும் அடுத்து வரும் சுதந்திர நாளுக்கும் மேற்குக் கரையை மூடிவிடுவது வழக்கம். ஆகவே கையில் சீட்டு உள்ளவருக்கும் அன்று வழியில்லை; தனி விலக்கு வேண்டும். அந்த விலக்கை 2018இல் பாதுகாப்பு அமைச்சர் லீபர்மன் மறுத்தார், 2019இல் அப்பொறுப்பையும் வைத்திருந்த பிரதமர் நெதன்யாகு மறுத்தார், 2023இல் அப்போதைய பாதுகாப்பு அமைச்சர் காலன்ட் மறுத்தார். மூன்று முறையும் கடைசி நேரத்தில் உச்ச நீதிமன்றம் குறுக்கிட்டு அனுமதிக்கச் சொன்னது. நிகழ்ச்சி துயருற்ற குடும்பங்களைப் புண்படுத்துகிறது என்றுதான் லீபர்மன் சொன்னார். பாதுகாப்பு மட்டுமே பிரச்சினை என்றால் அந்தப் பேச்சுக்கு இடமேது?

இஸ்ரேலியர்கள் மேற்குக் கரைக்குப் போகலாமே?

பாலஸ்தீன நகரங்கள் அடங்கிய 'ஏ' பகுதிக்குள் நுழைய அவர்களுக்கு ராணுவத் தடை உண்டு. மேற்குக் கரையில் உள்ள பெய்த் ஜாலாவின் விளிம்பு போல இருவரும் வர முடிந்த சில இடங்களில்தான் சந்திக்கிறார்கள்.

2023 அக்டோபர் 7 ஹமாஸ் தாக்குதலுக்குப் பிறகு?

2024இல் மேற்குக் கரையிலிருந்து யாரும் வர முடியாததால் நிகழ்ச்சியை முன்கூட்டிப் பதிவு செய்து ஒளிபரப்பினார்கள். 2025இல் ரஅனானா நகரில் அதைத் திரையிட்ட யூத வழிபாட்டுக் கூடத்தைத் தீவிர வலதுசாரிக் கும்பல் தாக்கியது.

பெற்றோர் வட்டத்தினர் பள்ளிகளில் பேசுகிறார்களா?

இஸ்ரேலியப் பள்ளிகளில் பேசிவந்தார்கள். 2023இல் கல்வி அமைச்சகம் அதைத் தடுத்தது.

பணம் எங்கிருந்து வருகிறது?

வெளிநாட்டு நன்கொடை கணிசம். இத்தகைய அமைப்புகளுக்கு வெளிநாட்டு அரசுகள் தருவதற்கு 80 சதவீத வரி கேட்கும் மசோதா 2025 பிப்ரவரியில் நாடாளுமன்றத்தில் முதற்கட்ட வாக்கெடுப்பைத் தாண்டியது.

பாலஸ்தீனர் எல்லோரும் இந்த முயற்சியை ஆதரிக்கிறார்களா?

இல்லை. ஆக்கிரமிப்பு தொடரும்போது கைகோத்து நிற்பது அதை இயல்பானதாகக் காட்டிவிடும் என்பது அவர்களில் பலரின் எதிர்ப்பு. ஒருவர் தடையின்றியும் மற்றவர் சோதனைச் சாவடியில் காத்திருந்தும் வந்து சேரும் மேடையில் அந்த எதிர்ப்புக்கு நியாயம் இருக்கிறது. ஆனால் இந்த இரு அமைப்புகளும் ஆக்கிரமிப்பு முடிய வேண்டும் என்பதை வெளிப்படையாகவே கோருகின்றன.