மாட்டுக்குப் போட்ட ஊசியும் ஐந்து லட்சம் உயிர்களும்

2024-ல் அமெரிக்கன் எகனாமிக் ரிவ்யூ இதழில் வந்த ஓர் ஆய்வுக் கட்டுரையைப் படித்ததிலிருந்து அதே நினைப்பாக இருக்கிறது. எழுதியவர்கள் இயால் ஃபிராங்க், அனந்த் சுதர்சன் என்ற இரண்டு பொருளாதார ஆய்வாளர்கள். சுருக்கமாகச் சொன்னால் அவர்களுடைய முடிவு இதுதான்: இந்தியாவில் பாறு கழுகுகள் அழிந்துபோனதால், 2000 முதல் 2005 வரை சுமார் 5 லட்சம் பேர் கூடுதலாக இறந்திருக்கிறார்கள்.

வீட்டில் இதைச் சொன்னேன். அம்மா கேட்டது ஒரே கேள்விதான். "கழுகு செத்தா மனுசன் ஏண்டா சாகணும்?"

நியாயமான கேள்வி. இந்தக் குறிப்பு அதற்கான பதில்.

இங்கே கழுகு என்பது கோழிக்குஞ்சைத் தூக்கிட்டுப் போற பருந்து இல்லை. செத்த விலங்கை மட்டுமே நம்பி வாழும் பிணந்தின்னிக் கழுகு. பாறு என்பது அதன் பழைய தமிழ்ப் பெயர். ஒரு கூட்டம் இறங்கினால் செத்த மாட்டை ஒரு மணி நேரத்துக்குள் வெறும் எலும்பாக்கிவிடும். நம் நாட்டில் மாடுகள் கோடிக்கணக்கில் இருக்கின்றன. செத்தால் ஊர் எல்லையில் கொண்டுபோய்ப் போட்டுவிடுவதுதான் பல இடங்களில் வழக்கம். மிச்ச வேலையைப் பாறு பார்த்துக்கொள்ளும். சம்பளம் வாங்காத துப்புரவுப் பணியாளர் என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

1990களில் பாறுகள் குறைய ஆரம்பித்தன. ராஜஸ்தானில் பரத்பூர் சரணாலயத்தில் இதைக் கவனித்துப் பதிவு செய்தவர் விபு பிரகாஷ். வெண்முதுகுப் பாறு 1992-ல் ஆயிரம் இருந்தது என்றால், 2007-ல் ஒன்றுதான் மிச்சம் என்கிற அளவுக்குச் சரிவு. முதலில் ஏதோ வைரஸாக இருக்கும் என்றுதான் தேடினார்கள். கிடைக்கவில்லை.

விடை 2004-ல் வந்தது. லிண்ட்சே ஓக்ஸ் என்ற கால்நடை மருத்துவரின் குழு பாகிஸ்தானில் செத்த பாறுகளை அறுத்துப் பார்த்தது. உள்ளுறுப்புகள் மேல் சுண்ணாம்பு பூசினமாதிரி வெள்ளையாக யூரிக் அமிலம் படிந்திருந்தது. சிறுநீரகம் செயலிழந்ததன் அடையாளம் அது. காரணம் டைக்ளோஃபெனாக், நாம் மூட்டுவலிக்குப் போட்டுக்கொள்ளும் அதே வலி மருந்து. 1990களில் அது மலிவாகி, மாடுகளுக்கும் ஊசியாகப் போட ஆரம்பித்திருந்தார்கள். ஊசி போட்ட சில நாளில் மாடு செத்தால் மருந்து சதையில் தங்கியிருக்கும். அதைத் தின்ற பாறு சில நாளில் செத்துவிடும்.

நூறு சடலத்தில் ஒன்றில்கூட மருந்து இருக்க வேண்டியதில்லை. அதைவிடக் குறைவாக இருந்தாலே இந்த அழிவுக்குப் போதும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். ஒரு சடலத்துக்கு ஒரு கூட்டமே வரும். ஜோடிக்கு வருசத்துக்கு ஒரே முட்டை. எப்படித் தாங்கும்?

இனி அம்மாவின் கேள்விக்கு வருகிறேன். பாறு இல்லாத ஊரில் சடலம் நாள்கணக்கில் அழுகிக் கிடக்கும். தெருநாய்கள் தின்று பெருகும், கூடவே நாய்க்கடியும் வெறிநோயும். அழுகியது மழையில் கரைந்து ஆற்றிலும் குளத்திலும் சேரும்.

இதை எப்படி எண்ணினார்கள் என்பதுதான் எனக்குப் பிடித்த பகுதி. பாறுகள் வாழ ஏற்ற மாவட்டங்கள் ஒரு பக்கம், ஏற்காத மாவட்டங்கள் இன்னொரு பக்கம். மருந்து மலிவாவதற்கு முன்பு இரண்டிலும் இறப்பு விகிதம் ஒரே போக்கில்தான் இருந்தது. அதற்குப் பிறகு பாறு வாழ்ந்த மாவட்டங்களில் மட்டும் 4 சதவீதத்துக்கும் மேல் கூடியது. அங்கே வெறிநோய்த் தடுப்பூசி விற்பனையும் கூடியிருந்தது, தண்ணீரின் தரமும் கெட்டிருந்தது.

செத்தவர்களின் சான்றிதழில் காய்ச்சல், பேதி, நாய்க்கடி என்று எழுதியிருப்பார்கள். பாறு இல்லாததால் என்று எந்த மருத்துவரும் எழுத முடியாது, அவரிடம் வந்தது நோயாளி மட்டும்தான். பறவை ஆய்வாளர் செத்த பறவைகளை எண்ணினார். கால்நடை மருத்துவர் சிறுநீரகத்தைப் பார்த்தார். மாவட்ட இறப்புக் கணக்கு வேறு அலுவலகத்தில் தூங்கியது. நான்கையும் ஒரே மேசையில் வைக்க, மருந்தைக் கண்டுபிடித்த பிறகும் 20 வருசம் ஆனது. 2015-ல் லான்செட் ஆணையம் ஒன்று 'பிளானட்டரி ஹெல்த்', அதாவது புவிநலம், என்று ஒரு துறையையே முன்வைத்தது. இந்தத் தாமதத்தைக் குறைப்பதுதான் அதன் வேலை என்று நான் புரிந்துகொள்கிறேன்.

கணக்கில் வராத இழப்பும் உண்டு. மும்பை பார்சிகள் இறந்தவர்களைப் பாறுகளுக்கு ஒப்படைப்பவர்கள். பாறுகள் போனபின் சூரிய ஒளியைக் குவிக்கும் கருவிகளை வைக்க வேண்டி வந்தது. நம்ம திருக்கழுக்குன்றத்தில் தினமும் மலைக்கோயிலுக்கு உணவுண்ண வந்த மஞ்சள்முகப் பாறுகளும் இப்போது வருவதில்லை.

2006-ல் கால்நடைகளுக்கு டைக்ளோஃபெனாக் தடை செய்யப்பட்டது. மனிதர்களுக்கான பெரிய குப்பிகளை வாங்கி மாட்டுக்குப் போட்டதால், 2015-ல் அவற்றையும் நிறுத்தி 3 மில்லி குப்பி மட்டும் என்றார்கள். 2023-ல் கீட்டோபுரோஃபென், அசிக்ளோஃபெனாக் இரண்டும் கால்நடைகளுக்குத் தடையாயின. பாறுக்குக் கெடுதல் செய்யாத மெலாக்சிகாம் இருக்கிறது. தமிழ்நாட்டில் முதுமலை, சத்தியமங்கலம் பக்கம் மோயாற்றுப் பள்ளத்தாக்கில் இன்னும் பாறுகள் கூடு கட்டுகின்றன. மாடு வைத்திருப்பவர்கள் ஊசி போடும்போது என்ன மருந்து என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.

இதையெல்லாம் சொல்லி முடித்ததும் அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் கேட்டார். "நம்ம செவலைக்குப் போட்டாங்களே, அது என்ன ஊசி?"

1998 வாக்கில் காலில் வீக்கத்தோடு படுத்த பசு அது. வலியில் கத்துவதைப் பார்க்க முடியாமல் அப்பா ராத்திரியே ஆளைக் கூட்டி வந்தார். மூன்றாம் நாள் செத்தது, ஏரிக்கரையில் கொண்டுபோய்ப் போட்டோம். என்ன மருந்து என்று அன்றைக்கு யாரும் கேட்கவில்லை. அப்பா செய்தது தப்பு என்று எனக்கு இப்போதும் தோன்றவில்லை. ஏரிக்கரைக்குப் பிறகு என்ன ஆகும் என்பதை அவருக்குச் சொல்லியிருக்க வேண்டியவர்கள் ஆளுக்கொரு துறையில் இருந்தார்கள்.