மாண்டரின் கத்துக்குறீங்களா? மூணாவது மாசம்தான் உண்மையான பரீட்சை!

முதல் வாரம் செம ஜாலியாக இருக்கும். 'நீ ஹாவ்' என்றால் வணக்கம், 'ஷியே ஷியே' என்றால் நன்றி. ஆப்பில் ஸ்ட்ரீக் ஏறும். பார்க்கிற ஃப்ரெண்டிடமெல்லாம் சீனத்தில் ஒன்று முதல் பத்து வரை எண்ணிக் காட்டுவோம். அடுத்து டோன்கள் வரும், அதற்கடுத்து எழுத்துகள் வரும். மூணாவது மாசத்தில், நேற்றுப் படித்த பத்து வார்த்தைகளில் ஏழு இன்று மறந்திருக்கும். ஒருநாள் நோட்டிஃபிகேஷனை ம்யூட் பண்ணுவீர்கள். கோர்ஸுக்குக் கட்டிய காசு போனால்கூடப் பரவாயில்லை. 'நமக்கெல்லாம் புது மொழி வராதுப்பா' என்று உங்களைப் பற்றி நீங்களே ஒரு தீர்ப்பு எழுதிக்கொள்வீர்கள் பாருங்கள், அதுதான் பெரிய நஷ்டம்.

அந்தத் தீர்ப்பை எழுதும் முன் ஒரு விஷயத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். மாண்டரின் தன்னுடைய கஷ்டத்தில் பெரும்பகுதியை ஆரம்பத்திலேயே இறக்கிவிடும் மொழி. அந்தக் கட்டத்தில் நீங்கள் முன்னேறிக்கொண்டுதான் இருப்பீர்கள். ஆனால், அது உங்கள் கண்ணுக்குத் தெரியாது. ஆர்வம் குறைவது அதனால்தான். அப்படியென்றால், முன்னேற்றத்தைக் கண்ணுக்குத் தெரியவைத்தால் ஆர்வமும் நிற்கும். அதை எப்படிச் செய்வது?

முதல்ல கணக்கைப் பார்த்துடுவோம்

அமெரிக்கத் தூதரக அதிகாரிகளுக்கு மொழி சொல்லித்தரும் அந்நாட்டு அரசுப் பயிற்சி நிறுவனம், மாண்டரினில் வேலை பார்க்கும் அளவுக்குத் தேற சுமார் 2,200 வகுப்பு மணி நேரம் ஆகும் என்கிறது. ஸ்பானிஷ் மொழிக்கு அதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். தினமும் அரை மணி நேரம் படிக்கிறவருக்கு 2,200 மணி நேரம் என்பது 12 வருடங்கள்!

பயப்படாதீர்கள். அது ஆங்கிலம் பேசுகிறவர்களுக்கான கணக்கு. அதுவும் அரசாங்கப் பேச்சுவார்த்தையில் உட்காரும் அளவுக்கான தேர்ச்சி. ஹோட்டலில் ஆர்டர் பண்ண, ஆபீஸில் நலம் விசாரிக்க அவ்வளவு தேவையில்லை. ஆனாலும் இந்த எண் ஒரு நல்லது செய்கிறது. 'மூணு மாசத்தில் சரளமாகப் பேசலாம்' என்கிற விளம்பரத்தை நம்பிச் சேர்ந்தவருக்கு மூணாவது மாசம் தோல்வி. கணக்கு தெரிந்தவருக்கு அது வெறும் தொடக்கம்.

ஏன் ஆரம்பமே இவ்வளவு கஷ்டம்?

மூன்று காரணங்கள். ஒன்று, ஓசி வார்த்தைகள் கிடையாது. பிரெஞ்சு கற்றால் நமக்குத் தெரிந்த ஆங்கிலத்தை வைத்தே பாதி வார்த்தைகளை ஊகித்துவிடலாம். மாண்டரினில் அந்தச் சலுகை இல்லை.

இரண்டு, டோன். 'மா' என்ற ஒரே ஒலியை உயர்த்தி, சமமாக இழுத்தால் அம்மா. 'என்னது?' என்று ஆச்சர்யமாகக் கேட்பதுபோல் ஏற்றினால் சணல். தாழ்த்திச் சொன்னால் குதிரை. 'போ!' என்று அதட்டுவதுபோல் இறக்கினால் திட்டுவது. 'மாய்' என்பதைத் தாழ்த்திச் சொன்னால் வாங்குவது, சட்டென்று இறக்கினால் விற்பது. கடைக்காரரிடம் கொஞ்சம் கவனமாக இருங்கள்!

மூன்று, எழுத்து. தமிழில் 247 எழுத்துகளோடு வேலை முடிந்தது. சீனத்தில் அன்றாடப் புழக்கத்துக்கே சில ஆயிரம் வேண்டும். ஆனால், அதிகம் புழங்கும் முதல் 1,000 எழுத்துகள் தெரிந்தாலே, சாதாரணமாக அச்சில் வரும் எழுத்துகளில் சுமார் 90 சதவிகிதம் உங்களுக்குத் தெரிந்த முகங்களாக இருக்கும். உழைப்பு முதலில், பலன் பின்னால். அதற்கு இடைப்பட்ட காலத்தில்தான் பெரும்பாலானோர் இறங்கிவிடுகிறார்கள்.

தமிழ் பேசுறவங்களுக்கு ஒரு போனஸ்

ஆங்கிலத்தில் எழுதப்பட்ட பாடங்களைப் படிப்பதால் ஒரு விஷயம் நம் கண்ணில் படுவதே இல்லை. 'நான் நேத்து வாங்கின புத்தகம்' என்பதைச் சீனத்தில் எப்படிச் சொல்வது? நான், நேற்று, வாங்கு, 'த' என்று ஒரு சின்ன இணைப்பு, கடைசியில் புத்தகம். அப்படியே தமிழ் வரிசை! ஆங்கிலத்தில் புத்தகத்தை முன்னால் போட்டுவிட்டு விளக்கத்தைப் பின்னால் இழுக்க வேண்டும். ஆங்கிலேயர் திணறும் இடத்தில் நீங்கள் நேராகப் போகலாம்.

கேள்வியும் அப்படித்தான். வாக்கியத்தின் கடைசியில் ஒரு 'மா' சேர்த்தால் கேள்வி ரெடி. நாம் 'நல்லாயிருக்கீங்க'வோடு 'ளா' சேர்த்து 'நல்லாயிருக்கீங்களா' என்பதில்லையா? இருபது என்பதை அவர்களும் 'இரண்டு பத்து' என்றுதான் சொல்கிறார்கள். காலத்துக்கும் பாலுக்கும் ஏற்ப வினைச்சொல் மாறவே மாறாது. போனான், போனாள், போவார்கள் எல்லாமே ஒரே 'போ'தான்.

வெளிநாட்டவர் பலர் திணறும் ஓர் ஒலியைப் பின்யினில் ஆங்கில 'ஆர்' போட்டு எழுதுகிறார்கள். நம் 'ழ' அதற்கு மிகப் பக்கத்தில் இருக்கிறது. வார்த்தைகளைக் கட்டும் விதமும் பழக்கமானதுதான். மின்சாரம் + மூளை என்றால் கம்ப்யூட்டர். மின்சாரம் + பேச்சு என்றால் டெலிபோன். நெருப்பு + வண்டி என்றால் ரயில். 'புகைவண்டி' என்று சொன்ன நமக்கு இதை மறக்கவே முடியாது.

நமக்குக் கஷ்டமான இடமும் ஒன்று உண்டு. 'ப'வைக் காற்று விடாமல் 'பாவ் ல' என்றால் 'வயிறு நிறைஞ்சது'. அதே 'ப'வைக் காற்றை ஊதிச் சொன்னால் 'ஓடிட்டான்'. தமிழில் இந்த வித்தியாசம் இல்லை. வாய்க்கு முன்னால் ஒரு டிஷ்யூ பேப்பரைப் பிடித்துக்கொண்டு சொல்லிப் பாருங்கள். பேப்பர் ஆடினால் ஓடிட்டான், ஆடாவிட்டால் வயிறு நிறைஞ்சது.

'எதுக்கு?'க்கு ஓர் ஆளைப் பதிலா வையுங்க

'சீனா பெரிய நாடு, ஃப்யூச்சர்ல யூஸ் ஆகும்' என்கிற காரணம் மழைநாளில் உங்களைப் புத்தகத்தின் முன் உட்காரவைக்காது. ஃபேஸ்புக் நிறுவனர் மார்க் ஸக்கர்பெர்க் 2010-ல் மாண்டரின் கற்பதை அந்த வருடத்துக்கான சவாலாக எடுத்தார். 2014-ல் பெய்ஜிங்கின் சிங்ஹுவா பல்கலைக்கழகத்தில் சுமார் அரை மணி நேரம் மாண்டரினிலேயே கேள்விகளுக்குப் பதில் சொன்னார். ஏன் கற்றீர்கள் என்று கேட்டதற்கு அவர் முதலில் சொன்னது பிசினஸ் காரணம் இல்லை. மனைவியின் பாட்டிக்குச் சீனம் மட்டும்தான் தெரியும், அவரிடம் பேச வேண்டும் என்பதுதான். அவருடைய டோன்களை இணையம் கேலி செய்தது. ஆனால், அரங்கில் இருந்தவர்கள் கைதட்டினார்கள்.

உங்களுக்கும் அப்படி ஓர் ஆள் வேண்டும். சிங்கப்பூரில் பக்கத்து டேபிளில் உட்காரும் கொலீக், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் தைவான் கம்பெனியில் வேலை என்றால் அங்கே வரும் இன்ஜினீயர், சப்டைட்டில் இல்லாமல் பார்க்க ஆசைப்படும் ஒரு சீரியலின் ஹீரோ, யாராக இருந்தாலும் சரி. ஆளைத் தீர்மானித்தால் பாடமும் தீர்மானமாகும். சீனா, சிங்கப்பூர், மலேசியா என்றால் எளிமையாக்கப்பட்ட எழுத்து. தைவான் என்றால் பழைய மரபு எழுத்து.

யோசித்துப் பார்த்தும் அப்படி யாருமே இல்லையா? அப்போது நிறுத்திக்கொள்வதில் தப்பே இல்லை. அது தோல்வி கிடையாது; நேரத்தை வேறு இடத்தில் போடும் முடிவு.

பெரிய மலையைச் சின்னப் படிகளா வெட்டுங்க

ஹெச்.எஸ்.கே என்பது சீன அரசு நடத்தும் மொழித்தேர்வு. பல வருடங்களாகப் புழக்கத்தில் இருந்த ஆறு நிலை அமைப்பில் முதல் நிலைக்கு 150 வார்த்தைகள், இரண்டாவதுக்கு 300, மூன்றாவதுக்கு 600. ஒரு நாளைக்கு ஐந்து புது வார்த்தை என்றால் முதல் நிலைக்கு ஒரு மாதம் போதும். மறதிக்கு இன்னொரு மாதம் சேர்த்துக்கொள்ளுங்கள். 2021-ல் ஒன்பது நிலைகள் கொண்ட புதிய தரப்பட்டியல் வந்தது. அதில் முதல் நிலையே 500 வார்த்தைகள். அதனால், புத்தகம் வாங்கும்முன் அது எந்தப் பட்டியலைப் பின்பற்றுகிறது என்று பாருங்கள். இல்லையென்றால் தேவையில்லாமல் மனசு உடையும்.

மறதிக்கு மருந்து இருக்கிறது. ஆன்கி போன்ற ஃப்ளாஷ்கார்டு ஆப்கள் ஒரு வார்த்தையை நீங்கள் மறக்கப்போகும் நேரத்தில் மறுபடி காட்டும். தெரிந்த வார்த்தை தள்ளித் தள்ளி வரும், தெரியாதது அடிக்கடி வரும். அகராதிக்கு ப்ளெகோ ஆப் இருக்கிறது. அடிப்படை வெர்ஷன் இலவசம். கையால் எழுதிப் பழகுவதை ஆரம்பத்தில் குறைத்துக்கொள்ளுங்கள். போனில் பின்யினில் டைப் செய்தால் எழுத்து வரிசையாக வரும். சரியானதைத் தேர்ந்தெடுக்கத் தெரிந்தால் மெசேஜ் அனுப்பலாம்.

ஸ்ட்ரீக் உடைஞ்சா உலகம் உடையாது

லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ் ஆய்வாளர்கள் 2010-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், ஒரு புதிய செயல் தானாக நடக்கும் பழக்கமாக மாற சராசரியாக 66 நாள்கள் ஆயின. ஆளுக்கு ஆள் அது 18 நாள்கள் முதல் 254 நாள்கள் வரை வேறுபட்டது. நமக்கு முக்கியமான தகவல் இன்னொன்று. நடுவில் ஒரு நாள் விட்டதால் பழக்கம் உருவாவதில் பெரிய பாதிப்பு இல்லை. ஒரு நாள் விட்டதும் 'போச்சு' என்று மொத்தமாக விட்டுவிடுவதுதான் பாதிப்பு.

அதனால், மோசமான நாளுக்கென்று ஒரு குறைந்தபட்ச அளவு வைத்துக்கொள்ளுங்கள். ஐந்து கார்டு, அல்லது ஒரு பாட்டு. நேரத்தையும் ஏற்கெனவே இருக்கும் ஒரு வேலையோடு முடிச்சுப் போடுங்கள். 'டைம் கிடைச்சா படிப்பேன்' என்பதற்குப் பதில், 'பஸ்ல சீட் கிடைச்சதும் கார்டைத் திறப்பேன்' என்று முடிவெடுங்கள்.

'வயசாயிடுச்சே...'

நாம் இன்று மாண்டரினை ஆங்கில எழுத்தில் படிக்க உதவும் பின்யின் 1958-ல் அதிகாரபூர்வமானது. அதை உருவாக்கியதில் முக்கியமானவர் ஜோ யோகுவாங். அவர் பொருளாதார நிபுணர், வங்கியில் வேலை பார்த்தவர். மொழியியல் அதுவரை அவருக்குப் பொழுதுபோக்கு. 1955-ல் மொழிச் சீர்திருத்த வேலைக்கு அவரைக் கூப்பிட்டபோது வயது 49. உங்களுக்கு 26 ஆனதற்கு இவ்வளவு கவலையா?

பெரியவர்களுக்கு வயதைவிடப் பெரிய தடை, கூச்சம். சின்னக் குழந்தை தப்பாகப் பேசினால் ரசிப்பார்கள், நாம் தப்பாகப் பேசினால் சிரிப்பார்களோ என்று வாயே திறப்பதில்லை. வாயைத் திறக்காவிட்டால் டோன் வராது. ஒரு டோன் பிசகினாலும், முழு வாக்கியமாகப் பேசினால் பெரும்பாலும் எதிரில் இருப்பவர் புரிந்துகொள்வார். ஒற்றை வார்த்தையாகத் துப்பினால்தான் சிக்கல்.

இன்னிக்கே ஒரு வேலை

போனை எடுத்து, உங்களுக்குத் தெரிந்த மாண்டரினில் 30 நொடி பேசி ரெக்கார்ட் பண்ணுங்கள். பெயர், ஊர், சாப்பிட்டது, அவ்வளவு போதும். தேதி போட்டு சேவ் செய்யுங்கள். மாதம் ஒருமுறை அதே விஷயத்தைத் திரும்பப் பேசி ரெக்கார்ட் செய்யுங்கள். 'ஒண்ணுமே வரலை' என்று தோன்றும் நாளில் முதல் ரெக்கார்டிங்கையும் கடைசியையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். எந்த ஆப்பின் ஸ்கோரும் சொல்லாததை உங்கள் குரலே சொல்லும்.

சோர்ந்துபோனவரை உற்சாகப்படுத்தச் சீனர்கள் 'ஜியா யோ' என்பார்கள். வார்த்தைக்கு வார்த்தை 'எண்ணெய் ஊத்து' என்று அர்த்தம். வண்டிக்குப் பெட்ரோல் போடுவதற்கும் அதே சொல்தான். டேங்க் காலியாகிறது என்பதற்காக யாரும் வண்டியை விற்பதில்லையே... ஜியா யோ மக்களே!