ஜவ்வரிசிக்குக் கிடங்கு இருக்கு... கிழங்குக்கு என்ன இருக்கு? சேலம், நாமக்கல் மரவள்ளி விலைச் சிக்கல்: ஒரு விளக்கம்

நவராத்திரி, சிவராத்திரி, ஏகாதசி என்று விரத நாள் வந்தாலே வட மாநிலங்களில் பல வீடுகளில் சாபுதானா கிச்சடிதான். அந்த சாபுதானா வேறொன்றும் இல்லை, நம்ம ஊர் ஜவ்வரிசி. மகாராஷ்டிரத்திலோ மத்தியப் பிரதேசத்திலோ ஒருவர் கடையில் வாங்கும் பாக்கெட் பெரும்பாலும் சேலம், நாமக்கல் பக்கத்து மரவள்ளி வயல்களில் இருந்து கிளம்பியதாக இருக்கும். 2023-ல் சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடும் கிடைத்துவிட்டது.

பெயர் இருக்கிறது, ஆலைகள் இருக்கின்றன, சந்தையும் இருக்கிறது. ஆனாலும் அறுவடைப் பருவம் வந்தால் ஆத்தூர், ராசிபுரம், சேந்தமங்கலம், பரமத்தி வேலூர் பக்கமிருந்து திரும்பத் திரும்ப வரும் செய்தி, “மரவள்ளிக்குக் கட்டுப்படியான விலை இல்லை” என்பதுதான்.

ஏன் இப்படி? சுருக்கமான பதில்: இந்தத் தொழிலுக்கான பொது வசதிகள் ஆலையிலிருந்து வியாபாரி வரைக்கும்தான் உருவாகின. வயலிலிருந்து ஆலை வரைக்குமான பாதையில் அப்படி எதுவும் வலுவாக இல்லை. விரிவான பதில் கீழே.

கிழங்கை ஏன் வைத்திருந்து விற்க முடியாது?

நாமகிரிப்பேட்டை, திருச்செங்கோடு மஞ்சள் ஏலம் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். மஞ்சளை வேகவைத்து, காயவைத்து, மூட்டை கட்டிவிட்டால் மாதக்கணக்கில் வைத்திருக்கலாம். இந்த வாரம் விலை பிடிக்கவில்லையா, அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம்.

மரவள்ளியில் அந்த வசதி இல்லை. மண்ணில் இருக்கும்வரை சில வாரம் முன்னே பின்னே ஆகலாம். பிடுங்கிவிட்டால் இரண்டு, மூன்று நாளில் உள்ளே நிறம் மாறி, கெட ஆரம்பித்துவிடும். எடையில் பாதிக்கு மேல் தண்ணீர்தான் என்பதால் தூரத்துச் சந்தைக்குக் கொண்டுபோனால் லாரி வாடகையே விழுங்கிவிடும்.

ஆக, பிடுங்கிய கிழங்கு அன்றே லாரி ஏறணும், பக்கத்து ஆலைக்குப் போகணும். பல இடங்களில் பிடுங்குவதற்கு ஆள், ஏற்றுவதற்கு லாரி, ஆலையோடு பேச்சு என எல்லாமே ஒரே இடைத்தரகர் வழியாகத்தான். வண்டி ஆலை வாசலில் நிற்கும்போது, “இந்த விலை வேண்டாம், திரும்பிப் போகிறேன்” என்று சொல்ல விவசாயிக்கு வழியே இல்லை.

அது என்ன ‘பாயிண்ட்’?

மரவள்ளிக்கு எடை மட்டும் பார்த்து விலை போடுவதில்லை. மாவுச்சத்து எவ்வளவு இருக்கிறது என்பதையும் பார்க்கிறார்கள். அதைத்தான் இங்கே ‘பாயிண்ட்’ என்கிறார்கள். குறிப்பிட்ட அளவு கிழங்கைக் காற்றில் ஒருமுறை, தண்ணீரில் ஒருமுறை எடை போட்டு அடர்த்தியைக் கணக்கிடுவது இதற்கான பொதுவான முறை. மாவு அதிகமிருந்தால் அடர்த்தியும் அதிகம். ரகம், பயிரின் வயது, அறுவடை நேரத்து மழை எனப் பல காரணங்களால் பாயிண்ட் கூடும், குறையும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். (இது புரிவதற்கான உதாரணம் மட்டுமே, சந்தை விலை அல்ல.) ஒரு பாயிண்டுக்கு 300 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 28 பாயிண்ட் வந்தால் டன்னுக்கு 8,400 ரூபாய். அதே கிழங்குக்கு 26 பாயிண்ட் என்று சொல்லப்பட்டால் 7,800 ரூபாய். டன்னுக்கு 600 ரூபாய் வித்தியாசம். ஏக்கருக்கு 12 டன் எடுத்தவருக்கு இந்த இரண்டு பாயிண்டில் 7,200 ரூபாய் போய்விடும்.

முறையில் தவறில்லை. நல்ல கிழங்குக்கு நல்ல விலை என்பது நியாயம்தான். ஆனால் அந்தக் கருவி இருப்பது வாங்குபவரின் வளாகத்தில். அளப்பதும் அவர்தான், விலை கொடுப்பதும் அவர்தான். அளவு சரியாகவே இருந்தாலும் விற்பவருக்கு அதைச் சரிபார்க்க வழி இல்லாததால் சந்தேகம் தீருவதே இல்லை.

சரி, சேகோசர்வ் என்ன செய்கிறது?

சேலத்தில் ஜவ்வரிசித் தொழில் 1943 வாக்கில், இரண்டாம் உலகப்போர் காலத்தில் தொடங்கியது. போரால் வெளிநாட்டு இறக்குமதி தடைபட்ட நேரம். கேரளத்துக்கு வியாபாரமாகப் போய்வந்த சேலத்து மாணிக்கம் செட்டியாரும், மலாயாவின் பினாங்கில் இருந்து வந்திருந்த பொபட்லால் ஷாவும் இதன் முன்னோடிகளாகச் சொல்லப்படுகிறார்கள். அடுத்தடுத்த பத்தாண்டுகளில் ஆலைகள் நூற்றுக்கணக்கில் பெருகின.

ஆனால் இன்று விவசாயி சொல்லும் அதே குறையை அன்று ஆலைக்காரர்கள் சொன்னார்கள். சரக்கு வைக்கக் கிடங்கு இல்லை, கையில் காசு இல்லை, வியாபாரி சொல்வதுதான் விலை. இதற்கு விடையாக 1981-ல் பதிவாகி, 1982-ல் செயல்படத் தொடங்கியதுதான் சேலம் ஸ்டார்ச் மற்றும் ஜவ்வரிசி உற்பத்தியாளர்கள் கூட்டுறவுச் சங்கம். எல்லோருக்கும் தெரிந்த பெயர் ‘சேகோசர்வ்’.

அதன் வேலை மூன்று. உறுப்பினர் ஆலைகளின் மூட்டைகளைப் பொதுக் கிடங்கில் வைக்கிறது. இருக்கும் சரக்கின் பேரில் முன்பணம் தருகிறது. மாதிரியைப் பரிசோதித்து, பல வியாபாரிகள் போட்டி போடும் டெண்டர் மூலம் விற்றுக் கொடுக்கிறது. அதாவது, அவசரத்துக்கு விற்க வேண்டிய கட்டாயத்தை எடுத்துவிட்டது. உணவு பதப்படுத்தலில் ‘பொது உள்கட்டமைப்பு’ என்றால் என்ன என்று கேட்டால், 40 ஆண்டுகளுக்கு மேலாக சேலத்திலேயே இதற்கு உதாரணம் இருக்கிறது.

பிறகு ஏன் விவசாயிக்கு விலை இல்லை?

பெயரிலேயே விடை இருக்கிறது. அது ‘உற்பத்தியாளர்கள்’ சங்கம். இங்கே உற்பத்தியாளர் என்றால் ஆலை நடத்துபவர், கிழங்கு விளைவிப்பவர் அல்ல. டெண்டரில் ஜவ்வரிசி விலை ஏறினால் அதன் பலன் கிழங்கு விலையாக வயலுக்கு இறங்கிவர எந்த ஏற்பாடும் தானாக இல்லை. மாவட்ட நிர்வாகம், ஆலை அதிபர்கள், விவசாயிகள் உட்காரும் முத்தரப்புக் கூட்டங்களில்தான் அது பேசப்படுகிறது.

இரண்டாவது சிக்கல் கலப்படம். மக்காச்சோள மாவு மலிவாகக் கிடைக்கும்போது அதை ஜவ்வரிசியில் கலப்பதாகப் புகார்கள் எழுவதும், உணவுப் பாதுகாப்புத் துறை சோதனை நடத்துவதும் இங்கே பழைய கதை. கலப்படம் நடந்தால் அந்த அளவுக்கு மரவள்ளியின் தேவை குறையும். நேர்மையாக ஆலை நடத்துபவரும் விலைப் போட்டியில் அடிவாங்குவார். சேகோசர்வுக்கு வெளியே நேரடியாக விற்கப்படும் சரக்கில் இந்தப் பரிசோதனை வளையமும் இருக்காது.

பால்காரரும் முட்டைக்காரரும் என்ன செய்தார்கள்?

இதே ஊர்களில் இன்னும் இரண்டு பொருட்கள் இருக்கின்றன. இரண்டும் சீக்கிரம் கெடுபவை அல்லது உடைபவை. ஆனால் கதை வேறு.

முதலில் பால். கிராமத்துப் பால் கூட்டுறவுச் சங்கத்தில் கொழுப்பு, இதர சத்து பார்த்து விலை போடுகிறார்கள். மரவள்ளி பாயிண்ட் மாதிரிதான். ஆனால் அளப்பது உற்பத்தியாளர்களின் சங்கம், அதுவும் அவரவர் ஊரிலேயே. 1946-ல் குஜராத்தின் ஆனந்தில் தொடங்கி, பின்னர் ‘அமுல்’ என்று பெயரெடுத்த முறையின் அடித்தளம் இதுதான். குளிரூட்டும் வசதியும் பதப்படுத்தும் ஆலையும் அந்த ஊர்ச் சங்கத்துக்கு மேலே அடுக்கடுக்காக வந்தன. சேலம் ஆவினும் அதே அமைப்பில்தான் இயங்குகிறது.

அடுத்து முட்டை. சேகோசர்வ் செயல்படத் தொடங்கிய அதே 1982-ல் வந்தது தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழு. நாமக்கல் மண்டலத்தின் முட்டை விலை உடனுக்குடன் அறிவிக்கப்பட்டு, செய்தித்தாளில் வருகிறது. பண்ணையாளருக்கும் வியாபாரிக்கும் ஒரே நேரத்தில் ஒரே எண் தெரியும். ஆனால் அறிவித்த விலையிலிருந்து குறைத்து வாங்கும் ‘மைனஸ்’ பழக்கம் பற்றிப் பண்ணையாளர்கள் புகார் சொல்வதும் உண்டு. விலை தெரிந்தால் மட்டும் போதாது, வேண்டாம் என்று சொல்லும் வலுவும் வேண்டும் என்பது இதில் இருக்கும் பாடம்.

மரவள்ளிக்குப் பொது மையம் என்றால் எப்படி இருக்கும்?

பெரிய ஆலை என்று உடனே யோசிக்க வேண்டாம். படிப்படியாகப் பார்க்கலாம்.

முதல் படி: பொது எடைமேடையும் பாயிண்ட் பார்க்கும் கருவியும். உழவர் உற்பத்தியாளர் நிறுவனமோ கூட்டுறவுச் சங்கமோ இதை நடத்தலாம். லாரி ஆலைக்குப் போகும் முன்பே கையில் ஒரு சீட்டு இருக்கும். இருப்பதிலேயே செலவு குறைந்த வேலை இது.

இரண்டாவது படி: கழுவி, தோல் சீவி, நறுக்கி, காயவைக்கும் களம். மூன்று நாளில் கெடும் கிழங்கு, காய்ந்த வில்லையாகவோ மாவாகவோ மாறினால் மாதக்கணக்கில் நிற்கும். நாமக்கல் பக்கம் கிழங்குக்கு ஏற்கெனவே இரண்டு விலை உண்டு: ஜவ்வரிசி ஆலைக்கு ஒன்று, சிப்ஸ் தயாரிப்பவர்களுக்கு ஒன்று. வாங்குபவர் வகை கூடினால் பேரம் பேசும் வலுவும் கூடும்.

மூன்றாவது படி: அரைத்து, வடிகட்டி, மாவு எடுக்கும் சிறிய ஆலை. இங்கே தண்ணீர், கழிவுநீர் சுத்திகரிப்பு, மின்சாரம் எல்லாம் சேர்ந்துகொள்ளும். மிச்சமாகும் திப்பி மாட்டுத் தீவனமாக விலைபோகும்.

தொழில்நுட்ப உதவிக்கு சேலம் மாவட்டம் ஏத்தாப்பூரில் மரவள்ளி மற்றும் ஆமணக்கு ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. திருவனந்தபுரத்தில் மத்திய கிழங்குப் பயிர்கள் ஆராய்ச்சி நிறுவனம் 1963-லிருந்து இயங்குகிறது.

காசு எங்கிருந்து வரும்?

2020-ல் அறிவிக்கப்பட்ட மூன்று மத்திய அரசுத் திட்டங்கள் இதற்குப் பொருந்தும்.

• பிரதமரின் குறு உணவு பதப்படுத்தும் நிறுவனங்கள் முறைப்படுத்தும் திட்டம்: பொது உள்கட்டமைப்புக்கு 35 சதவீத மானியம், உச்சவரம்பு 3 கோடி ரூபாய். தனிநபர் நிறுவனங்களுக்கும் அதே 35 சதவீதம், 10 லட்சம் ரூபாய் வரை.

• வேளாண் உள்கட்டமைப்பு நிதி: 2 கோடி ரூபாய் வரையிலான கடனுக்கு ஆண்டுக்கு 3 சதவீத வட்டிச் சலுகை, 7 ஆண்டுகள் வரை.

• 10,000 உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்கள் திட்டம்: சமவெளியில் குறைந்தது 300 விவசாயிகள் சேர வேண்டும். உறுப்பினர்கள் போடும் பங்குத் தொகைக்கு இணையாக, நிறுவனத்துக்கு 15 லட்சம் ரூபாய் வரை மானியம்.

இவை காலவரையறை உள்ள திட்டங்கள். விண்ணப்பிக்கும் முன் மாவட்டத் தொழில் மையத்திலோ வேளாண் வணிகத் துறையிலோ இப்போதைய நிலையைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

கட்டடம் கட்டினால் முடிந்ததா?

இல்லை. மானியம் வாங்கிக் கட்டி, திறப்பு விழா முடிந்து, பூட்டுத் தொங்கும் கட்டடங்களை நாம் எல்லோருமே பார்த்திருக்கிறோம். காரணம் கணக்கில் இருக்கிறது.

நாளுக்கு 10 டன் அரைக்கும் ஒரு மையம், ஆண்டுக்கு 150 நாள் ஓடுவதாக வைத்துக்கொள்வோம். 1,500 டன் கிழங்கு வேண்டும். ஏக்கருக்கு 12 டன் என்றால் 125 ஏக்கர் விளைச்சல் வேறெங்கும் போகாமல் இங்கே வரணும். டன் 8,000 ரூபாய் என்றால் தினமும் 80,000 ரூபாய் விவசாயிக்குக் கொடுக்கணும். விற்ற பொருளுக்குப் பணம் வர 30 நாள் ஆனால், 24 லட்சம் ரூபாய் எப்போதும் சுழற்சியில் நிற்கணும். மேலே சொன்ன மானியங்கள் பெரும்பாலும் இயந்திரத்துக்கும் கட்டடத்துக்கும்தான். நடைமுறை மூலதனம் தனிப் பிரச்னை.

இது இல்லாவிட்டால் என்ன ஆகும்? மையம், “பணம் அடுத்த மாதம்” என்று சொல்லும். தரகர் அன்றே ரொக்கம் தருவார். கிழங்கு எங்கே போகும் என்று சொல்லத் தேவையில்லை. மீதி 215 நாளும் இயந்திரம் சும்மா நின்றால் கடன் தவணை மட்டும் ஓடிக்கொண்டிருக்கும். அதனால் சிறுதானியம், மஞ்சள், நிலக்கடலை என்று மற்றப் பயிர்களுக்கும் அந்த உலர்களமும் அரவை வசதியும் பயன்படுகிற மாதிரி திட்டமிடுவது அவசியம்.

அப்போ எங்கிருந்து தொடங்குவது?

சேகோசர்வ் 1982-ல் ஆலைகளுக்குச் செய்ததை வரிசையாக எழுதினால் பாதை தெரியும்: பொது அளவு, சரக்கின் பேரில் முன்பணம், பல பேர் போட்டியிடும் விற்பனை. இந்த மூன்றும் விவசாயி பக்கம் இன்னும் வரவில்லை. இயந்திரத்தைவிட இவைதான் முதலில் வேண்டும்.

அதில் எடைமேடையும் பாயிண்ட் கருவியும் அடுத்த அறுவடைக்குள் செய்யக்கூடிய வேலை. வட்டாரத்துக்கு ஒரு இடத்தில் வைத்து, அந்தச் சீட்டை ஆலைகள் ஏற்க வேண்டும் என்று முத்தரப்புக் கூட்டத்தில் முடிவெடுத்தால் போதும். உங்கள் ஊரில் அடுத்த கூட்டம் நடக்கும்போது, விலை எவ்வளவு என்பதோடு, “பாயிண்டை யார் அளக்கிறார்கள்?” என்ற கேள்வியையும் சேர்த்துக் கேளுங்கள்.