பாடி சாக்கடைக்கும் பக்கிங்ஹாம் கால்வாய் படகுக்கும் என்ன தொடர்பு? தூர்வாரினால் என்ன ஆகும்?

பாடி பக்கம் தொடங்கும் ஓட்டேரி நல்லா, அண்ணா நகர், அயனாவரம், புரசைவாக்கம் வழியாக ஓடி, பேசின் பிரிட்ஜ் அருகே பக்கிங்ஹாம் கால்வாயில் கலக்கிறது. பாடியில் கொட்டும் கழிவு கடைசியில் போய்ப் படிவது அந்தக் கால்வாயின் அடியில்தான்.

படகு ஓடிய கால்வாயா இது?

ஆமாம். 1806-இல் சென்னை - எண்ணூர் இடையே இதை வெட்டத் தொடங்கினார்கள். 1877-78 பஞ்சத்தில் நிவாரண வேலையாக அடையாறும் கூவமும் இணைக்கப்பட்டன. ஆந்திராவின் பெத்தகஞ்சாம் முதல் மரக்காணம் வரை சுமார் 420 கி.மீ. தூரத்துக்கு விறகும் உப்பும் படகில் வந்தன. 1965, 66 புயல்களுக்குப் பிறகு போக்குவரத்து படுத்துவிட்டது. பிறகு நகருக்குள் பறக்கும் ரயில் தூண்களே கால்வாய்க்குள் வந்து நின்றன. ஆனாலும் 2008-இல் இது தேசிய நீர்வழி-4-இன் பகுதியாக அறிவிக்கப்பட்டது.

மழைக்குத் தூர்வாருவதும் படகுக்குத் தூர்வாருவதும் ஒண்ணா?

இல்லை. வெள்ளம் வடிய, மழைக்கு முன் அடைப்பை எடுத்தால் பெரும்பாலும் போதும். படகுக்கு வருஷம் முழுக்க ஒரே ஆழம் வேண்டும். மண் மறுபடி படியும், மறுபடி அள்ள வேண்டும். முடிவே இல்லாத வேலை அது. கொல்கத்தா துறைமுகத்துக்காக ஹூக்ளி ஆற்றின் வண்டலைத் தள்ளக் கட்டிய ஃபராக்கா தடுப்பணை 1975-இல் செயல்பாட்டுக்கு வந்தது. இன்றும் அங்கே தூர்வாரல் நிற்கவில்லை. அணையைத் தாண்ட முடியாமல் ஹில்சா மீன் மேலே வருவதுதான் குறைந்துபோனது.

சேற்றைக் கிளறினால் என்ன?

இதுதான் முக்கியமான விஷயம். பல வருஷ சாக்கடைச் சேற்றில் ஆக்சிஜன் இருக்காது. ஈயம், குரோமியம் போன்ற உலோகங்கள் அதில் கட்டுண்டு கிடக்கும். இயந்திரம் கிளறும்போது சேறு தண்ணீரில் இருக்கிற கொஞ்சநஞ்ச ஆக்சிஜனையும் இழுத்துக்கொள்ளும், மீன்கள் மூச்சுத் திணறும். உலோகங்களில் ஒரு பகுதி தண்ணீருக்குள் வந்துவிடும். கலங்கல் அலையோடு எண்ணூர் முகத்துவாரம் வரை போனால், சேற்றில் வளரும் இறாலுக்கும் நண்டுக்கும், அவற்றை நம்பியிருக்கும் மீனவர்களுக்கும்தான் அடி.

இன்னொன்று உப்பு. கால்வாயை ஆழப்படுத்தினால் உப்புத் தண்ணீர் இன்னும் உள்ளே வரும். கரையோர கிணறுகள் உவர்க்கும்.

அப்போ தூர்வாரவே கூடாதா?

அப்படியில்லை. வெள்ளத்துக்கு அது கட்டாயம் வேண்டும். ஆனால் பாடி, வில்லிவாக்கம் பக்கத்திலிருந்து சாக்கடை வருவது நிற்காமல் கீழே மட்டும் ஆழப்படுத்தினால், அள்ளிய இடத்தில் அதே சேறு திரும்பப் படியும். படகுத் திட்டம் பற்றிப் பேசுகிறவர்கள் முதலில் பதில் சொல்ல வேண்டிய கேள்வி, அள்ளுகிற சேற்றை எங்கே கொட்டுவார்கள் என்பதுதான். கரையிலேயே குவித்தால், முதல் மழையில் அது மறுபடி கால்வாய்க்குள்!