பொத்தான் பேட்டரி: எண்ணைப் பார்த்து வாங்குங்கள்

சுங்கைப் பட்டாணிக் கடையில் பேட்டரி கேட்டால், "2032-ஆ, 2025-ஆ?" என்பார்கள். முதல் இரண்டு இலக்கங்கள் விட்டம்: 20 மில்லிமீட்டர். அடுத்தவை தடிமன்: 3.2, 2.5. இரண்டும் லித்தியம், 3 வோல்ட். ஆனால் 2032-க்கான இடத்தில் மெல்லியதைப் போட்டால் தொடுமுனையில் சரியாகப் பதியாது.

எல்.ஆர்.44, எஸ்.ஆர்.44 ஒரே உருவம். முன்னது அல்கலைன், 1.5 வோல்ட்டில் தொடங்கிப் படிப்படியாக இறங்கும். பின்னது சில்வர் ஆக்சைடு, 1.55 வோல்ட்டைக் கடைசிவரை ஏறக்குறைய அப்படியே தரும். துல்லியமாக அளக்கும் கருவிக்கு, விலை கூடினாலும், அதுவே என் தேர்வு.

குழந்தை விழுங்கினால்? ஈரத்தில் மின்சாரம் பாய்ந்து காரம் உருவாகி, 2 மணி நேரத்திலேயே உணவுக்குழாயை அரித்துவிடும். தீர்ந்துபோன பேட்டரியும் இதைச் செய்யும். பீடோங் தோட்டங்களில் இருப்போர் விடியட்டும் என்று காத்திராமல் சுல்தான் அப்துல் ஹாலிம் மருத்துவமனைக்கு விரையுங்கள்.