இல்லமே மருத்துவமனை

இளவரசி கிருஷ்ணாஜம்மணியை எலும்புருக்கி நோய் கொண்டுபோயிற்று. அவர் பெயரால் நம் மைசூரில் எழுந்ததே காசநோய் மருத்துவமனை. அந்நாளில் நோயுற்றவர் வீட்டையும் தொழிலையும் விட்டு, இத்தகைய இடங்களில் மாதக்கணக்கில் தங்கவேண்டும்.

1956இல் சென்னையில் தொடங்கிய ஆராய்ச்சி இந்நிலையை மாற்றியது. வீட்டிலிருந்து மருந்துண்டவரும், மருத்துவமனையில் தங்கியவரும் ஏறக்குறைய ஒன்றுபோலவே நலம் பெற்றனர். வீட்டாரிடையே தொற்றும் மிகவில்லை. ஆனால் மருந்தை இடைவிடாது உண்ணவேண்டும். இன்று பொதுவாக 6 மாதம்.

2020ஆம் ஆண்டின் கொரோனாக் கொள்ளைநோய் இந்த ஒழுங்கைக் குலைத்தது. பேருந்து நின்றது; கூலி நின்றது. 2019இல் இந்தியாவில் பதிவான காசநோயாளர் 24 லட்சம். 2020இல் 18 லட்சமே. நோய் குறைந்ததாலன்று, கண்டறிவது குறைந்ததால்!

அவ்வேளை நாம் எவ்வாறு ஈவது? ஜார்க்கண்டில் நடந்து 2023இல் வெளியான ஆய்வு வழி காட்டுகிறது. நோயாளிக்கு மட்டுமன்றி வீட்டார் அனைவர்க்கும் மாதந்தோறும் உணவுப்பொருள் அளித்தனர். நோயாளிக்கு மட்டும் அளித்த வீடுகளைவிட, இவ்வீட்டாரிடையே புதிதாய்க் காசநோய் கண்டது 39 விழுக்காடு குறைந்தது.

தோழர்களே, ஒருநாள் பெருங்கொடையினும், ஒரு குடும்பத்துக்கு மாதந்தோறும் தவறாது தரும் அரிசியும் பருப்பும் மேல். மருந்தைப் போலவே ஈகைக்கும் தொடர்ச்சியே உயிர்.